உதவித்தொகை முதல் மதிப்பெண்ணுக்குரிய பரிசு அன்று

கல்லூரி, பல்கலைக்கழகப் படிப்புக்கான உதவித்தொகை முதல் வரிசையில் மதிப்பெண் வாங்கியவர்களுக்கே உரியது என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் ஆழ வேரூன்றியிருக்கிறது. பிளஸ் டூவில் 600க்கு 380 எடுத்த மாணவர், “எனக்கெல்லாம் யார் ஸ்காலர்ஷிப் தரப்போகிறார்கள்” என்று விண்ணப்பத்தைத் தொடுவதே இல்லை. பெற்றோரும் அப்படியே நினைக்கிறார்கள். பள்ளிகளில்கூட நன்றாகப் படிக்கும் ஐந்தாறு பேரை மட்டும் அழைத்து விவரம் சொல்லிவிட்டு, மற்றவர்களுக்கு அதில் வேலை இல்லை என்று விட்டுவிடும் வழக்கம் உண்டு.

இந்த நம்பிக்கை தவறானது. உயர்கல்விக்கு மத்திய, மாநில அரசுகள் தரும் உதவித்தொகையில் பெரும்பகுதி தரவரிசையைப் பார்த்துத் தரப்படுவதில்லை. குடும்ப வருமானம், சமூகப் பிரிவு, படித்த பள்ளி, பாலினம், உடற்குறைபாடு, பெற்றோரின் தொழில் ஆகியவையே அதற்கு அடிப்படை. மதிப்பெண் கேட்கும் திட்டங்களிலும் பெரும்பாலானவை கேட்பது ஒரு குறைந்தபட்ச அளவைத்தான். அந்த அளவைத் தாண்டிய பல்லாயிரம் பேர், தாண்டியதே தெரியாமல் ஒதுங்கி நிற்கிறார்கள்.

தவறான நம்பிக்கை நிலைத்து நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. தேர்வு முடிவு வெளியானதும் நாளிதழில் வருவது முதலிடம் பெற்றவரின் படம். அறக்கட்டளைகள் மேடை போட்டுக் காசோலை வழங்குவதும் அவருக்கே. வருமானச் சான்றிதழ் கொடுத்து, கட்டண விலக்கு பெற்று, அரசுக் கல்லூரியில் சேர்ந்து படித்து முடிக்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு மேடை இல்லை. கண்ணில் படுவதையே முழு உண்மையாகக் கொள்வதால் வந்த பிழை இது.

வரலாறு சொல்வது

இந்தியாவின் மிகப் பெரிய உயர்கல்வி உதவித்தொகைத் திட்டமான, பட்டியல் சாதியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அப்போது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர், ஒடுக்கப்பட்ட மாணவர்களின் உயர்கல்விக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்று வலியுறுத்தி அதைப் பெற்றார். கெட்டிக்காரர்களைப் பொறுக்கி எடுத்துப் பாராட்டுவது அந்தத் திட்டத்தின் நோக்கமாக இருக்கவில்லை. கல்லூரி வாசலில் சாதியும் வறுமையும் போட்டிருந்த தடையை நீக்குவதே நோக்கம்.

அம்பேத்கரின் வாழ்க்கையே இதற்குச் சான்று. 1907இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் அவர் பெற்ற மதிப்பெண் 750க்கு 282. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையால்தான் அவர் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்தார். 1913இல் அதே பரோடா அரசின் உதவியோடு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். மெட்ரிகுலேஷன் மதிப்பெண் ஒன்றையே அளவுகோலாக வைத்துப் பரோடா அரசு பட்டியல் தயாரித்திருந்தால் அவர் பெயர் அதில் வந்திருக்காது. பள்ளித் தேர்வு ஒரு மாணவர் இதுவரை எந்தச் சூழலில் படித்தார் என்பதைக் காட்டும். இனி எவ்வளவு தூரம் செல்வார் என்பதை அளக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

எண்கள் சொல்வது

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை போஸ்ட் மெட்ரிக் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. செலவில் 60 சதவீதம் மத்திய அரசுடையது, மீதி மாநிலங்களுடையது. அந்த ஐந்தாண்டுகளில் 4 கோடிக்கும் அதிகமான மாணவர்களைச் சென்றடைவது என்பது இலக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பதே முதன்மையான நிபந்தனை. பதினொன்றாம் வகுப்பிலிருந்து முனைவர் பட்டம் வரை இது பொருந்தும். கட்டாயக் கல்விக் கட்டணத்தோடு படிப்பின் வகைக்கேற்பக் கல்விப்படியும் உண்டு. தொழிற்படிப்பு படிக்கும் விடுதி மாணவருக்கு அந்தப் படி ஆண்டுக்கு 13,500 ரூபாய் வரை வருகிறது.

இதன் பக்கத்தில், மதிப்பெண் அடிப்படையிலான மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகையை வைத்துப் பார்க்கலாம். அதற்கு ஆண்டுக்குப் புதிதாகத் தேர்வாவோர் 82,000 பேர். ஐந்தாண்டுக்கு 4 லட்சத்து 10 ஆயிரம். இரண்டில் எது பெரிய வாசல் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்த மதிப்பெண் திட்டமும் மாநில முதலிடத்தைக் கேட்கவில்லை. தத்தம் தேர்வு வாரியத்தில் தேர்ச்சி பெற்றவர்களுள் 80ஆவது சதமானத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது, தேர்ச்சி பெற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் விண்ணப்பிக்கத் தகுதி பெறுகிறார். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இடங்களில் பாதி மாணவிகளுக்கு. இளநிலைப் படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாயும், முதுநிலையில் 20,000 ரூபாயும் கிடைக்கும். கலைப் பிரிவுக்கும் வணிகவியலுக்கும் தனித்தனியே பங்கு உண்டு. அறிவியல் படித்தவர்களுக்கு மட்டுமானது என்று நினைப்பதும் தவறு.

தமிழ்நாட்டின் திட்டங்கள் இந்த வாதத்தை இன்னும் உறுதிப்படுத்துகின்றன. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேர்ந்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இந்த உதவி உண்டு. இரண்டும் மதிப்பெண் கேட்பதில்லை. வேறு உதவித்தொகை பெறும் மாணவியும் புதுமைப்பெண் தொகையைக் கூடுதலாகப் பெறலாம்.

குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவர், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியே தொழிற்படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை பெறும் திட்டம் 2010–11 முதல் இருக்கிறது. அதற்குச் சாதி வரம்பும் இல்லை, வருமான வரம்பும் இல்லை. அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளநிலைப் பட்டம் படிக்கும் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் மாணவர்களுக்கு நிபந்தனையின்றிக் கல்வி உதவித்தொகை உண்டு. முதுநிலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்புகளுக்கு வருமான வரம்பு 2.5 லட்சம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் மாநில அரசே ஏற்கும் என்பது 2021இல் வந்த அறிவிப்பு.

“இவையெல்லாம் குறிப்பிட்ட சாதியினருக்குத்தான்” என்ற மறுமொழி உடனே வருவதுண்டு. அதுவும் பாதி உண்மையே. முதல் பட்டதாரி சலுகை, புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன், மேலே சொன்ன மத்திய அரசின் கல்லூரி மாணவர் திட்டம் ஆகியவை எல்லாச் சமூகத்தினருக்கும் பொதுவானவை. தொழில்நுட்பப் படிப்பில் சேரும் மாணவிகளுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் தரும், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) பிரகதி திட்டமும் அப்படியே. குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருப்பவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். 40 சதவீதத்துக்குக் குறையாத உடற்குறைபாடு உள்ளவர்களுக்கு அதே நிறுவனத்தின் சாக்ஷம் திட்டம் அதே தொகையைத் தருகிறது.

திறமைக்கு இடமில்லையா?

கடும் போட்டியில் வென்று பெற வேண்டிய உதவித்தொகைகள் இருக்கின்றன என்பதை மறுக்க வேண்டியதில்லை. அடிப்படை அறிவியல் படிப்போருக்கான இன்ஸ்பையர் திட்டம், பன்னிரண்டாம் வகுப்பில் தத்தம் வாரியத்தின் முதல் ஒரு சதவீதத்தினரைத் தேடுவதற்காக உருவானது. இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையான ஜேஆர்எஃப், தேசியத் தேர்வின் வழியே கிடைக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து அதன் தொகை மாதம் 37,000 ரூபாய். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கான புகழ்பெற்ற உதவித்தொகைகளும் இவ்வகையே. இவை தேவையானவை. ஆனால் இவை சிறுபகுதி. சிறுபகுதியின் விதியை முழுவதற்கும் பொருத்தி, மற்றவர்களை விண்ணப்பிக்கவே விடாமல் செய்வதுதான் கேடு.

சிலர் ஒரு படி மேலே போய், பொதுப்பணம் வீணாகாமலிருக்க எல்லா உதவித்தொகையையும் மதிப்பெண்ணோடு கட்டிவிட வேண்டும் என்கிறார்கள். படிக்காதவருக்குப் பணம் போய்விடும் என்ற அச்சம் அவர்களுடையது. மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகையை அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். பிற திட்டங்களும் மாணவர் படிப்பைத் தொடர்வதைப் பார்த்தே அடுத்த ஆண்டுத் தொகையை விடுவிக்கின்றன. ஆகவே படிப்பில் அக்கறையைக் கேட்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அது சேர்ந்த பிறகு கேட்கப்படுகிறது. வாசலிலேயே கேட்டால், தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைக்கே உதவியும் போய்ச் சேரும். கட்டணம் கட்ட வழியுள்ளவருக்கு உதவித்தொகை ஒரு பெருமை. வழியில்லாதவருக்கு அது படிப்பா, கூலி வேலையா என்பதைத் தீர்மானிக்கும் பணம்.

மோசடியைக் காட்டி எழுப்பப்படும் எதிர்ப்பும் நிற்காது. சிறுபான்மையினர் உதவித்தொகையில் ஐயத்துக்குரியவையாக ஆராயப்பட்ட 1,572 நிறுவனங்களில் 830 போலியானவை அல்லது இயங்காதவை என்றும், அரசுக்கு 144 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்றும் கண்டறியப்பட்டு, 2023இல் சிபிஐ வழக்குப் பதிந்தது. இல்லாத மாணவர் பெயரில் நிறுவனங்கள் பணம் எடுத்த குற்றம் அது. உண்மையான மாணவரின் மதிப்பெண்ணுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதற்குத் தீர்வு நிறுவனங்களைச் சரிபார்ப்பது. ஏழை மாணவரைச் சலித்து எடுப்பது ஆகாது.

தொகை சிறியது என்ற வாதம்

“கிடைப்பது அற்பத் தொகை, அலைச்சல்தான் மிச்சம்” என்று சொல்பவர்கள், கையில் வரும் பணத்தை மட்டும் கணக்கிடுகிறார்கள். கட்டாமல் விடப்படும் கட்டணத்தைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறிவிடும். 2016இல் ஐஐடிகளின் இளநிலைக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சமாக உயர்ந்தபோது, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குக் கீழே உள்ளவர்கள் ஆகியோருக்கு அது முழுமையாக விலக்கப்பட்டது. வருமானம் 1 முதல் 5 லட்சம் வரை உள்ளவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு விலக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் முழு விலக்கின் மதிப்பு 8 லட்சம் ரூபாய். கட்டணத்தை மட்டும் பார்த்து “ஐஐடி நமக்கு எட்டாது” என்று முடிவு செய்யும் குடும்பத்துக்கு இந்த ஒரு விவரம் போதும்.

சிறு தொகையும் சிறிதன்று. அரசுக் கலைக் கல்லூரியில் படிக்கும் கிராமத்து மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்பது தேர்வுக் கட்டணம், புத்தகம், தினப்படிச் செலவு. அந்தச் செலவுக்காக வீட்டில் கைநீட்ட வேண்டியிராத நிலை, படிப்பை நிறுத்தச் சொல்லும் பேச்சை எதிர்த்து நிற்கும் பலத்தைத் தருகிறது.

தொகையைவிட, அது வரும் நேரம் பெரிய சிக்கல் என்பதே உண்மை. 2024இல் உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த தலித் மாணவர் ஒருவர், 17,500 ரூபாயைக் கெடு முடிவதற்குள் கட்ட முடியாமல் தன்பாத் ஐஐடியில் கிடைத்த இடத்தை இழந்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. நுழைவுத் தேர்வில் வென்ற மாணவர் அவர். அவரிடம் திறமைக்குக் குறைவில்லை; உரிய நாளில் உரிய பணம்தான் இல்லை. போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் முன்பணம் கட்டாமலே சேர வழிசெய்யும் ஃப்ரீஷிப் அட்டை இந்தக் குறையைப் போக்கவே உருவானது. அதைச் சேர்க்கைக்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும் என்பதுகூடப் பலருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை.

மாணவரை உண்மையில் தடுப்பது

உதவித்தொகை கைநழுவிப் போவது மதிப்பெண்ணால் அன்று. சான்றிதழ், தேதி, வங்கிக் கணக்கு, கல்லூரிச் சரிபார்ப்பு ஆகிய நான்கினால். தேடும் முறை இந்த நான்கையும் ஒட்டியே அமைய வேண்டும்.

சான்றிதழ்களை முதலில் முடிக்க வேண்டும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் அலுவலகம் சென்று திரும்ப நாள் பிடிக்கும். தேர்வு முடிவு வந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்பதைவிட, ஏப்ரல், மே மாதங்களிலேயே விண்ணப்பிப்பது நல்லது. பெயரும் பிறந்த தேதியும் ஆதார், மதிப்பெண் பட்டியல், வங்கிப் பாஸ்புக் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலைப்பெழுத்து முன்னும் பின்னுமாக இருப்பதால் மட்டுமே விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்கின்றன.

அடுத்தது வங்கிக் கணக்கு. அரசின் நேரடிப் பணப் பரிமாற்றம், ஆதாருடன் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்கைத் தேடியே செல்கிறது. விண்ணப்பத்தில் ஒரு வங்கியின் எண்ணை எழுதிவிட்டு, ஆதார் இணைப்பு வேறு வங்கியில் இருந்தால் பணம் எங்கே போனது என்று மாதக்கணக்கில் தேட நேரிடும். இணைப்பு எந்த வங்கியில் இருக்கிறது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பிறகு தேடல். மாநில அரசின் உதவித்தொகைகளுக்குக் கல்லூரி வழியே தரப்படும், பல்கலைக்கழக மேலாண்மைத் தகவல் அமைப்பின் (யுமிஸ்) எண் அடிப்படை. அதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பெற வேண்டும். மத்திய அரசின் திட்டங்கள் பெரும்பாலும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஒருமுறை பதிவு செய்து பெறும் எண், படிப்புக் காலம் முழுவதற்கும் செல்லும். விண்ணப்பக் காலம் வழக்கமாக ஆண்டின் நடுவில் தொடங்கி, அக்டோபர், நவம்பரை ஒட்டி முடிகிறது.

பெற்றோரின் தொழிலை ஒட்டிய உதவிகள் மிகவும் கவனிக்கப்படாதவை. பீடித் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த தென்காசி, திருநெல்வேலி, வேலூர் வட்டாரங்களில் மத்தியத் தொழிலாளர் துறையின் உதவித்தொகை பல பிள்ளைகளுக்கு உரியது. கட்டுமானத் தொழிலாளர் உள்ளிட்ட அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியங்கள் பதிவு செய்த உறுப்பினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி தருகின்றன. முன்னாள் ராணுவத்தினரின் மகளுக்கு மாதம் 3,000 ரூபாயும் மகனுக்கு 2,500 ரூபாயும் தரும் பிரதமர் உதவித்தொகை தொழிற்படிப்புகளுக்கு உண்டு. நலவாரிய அட்டையைப் பெற்றோர் புதுப்பிக்காவிட்டால், வாரியம் தரும் உதவி பறிபோகிறது.

பொதுத்துறை, தனியார் அறக்கட்டளைகளை அதன்பின் பார்க்கலாம். ஓஎன்ஜிசி பொறியியல், மருத்துவம் உள்ளிட்ட படிப்புகளின் முதலாண்டு மாணவர்கள் 2,000 பேருக்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய் தருகிறது. அது கேட்கும் மதிப்பெண் 60 சதவீதம். அகரம் அறக்கட்டளை 2010இல் தொடங்கிய விதை திட்டம், வீட்டின் சூழலையும் கணக்கில் எடுத்து அரசுப் பள்ளிகளின் முதல் தலைமுறை மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, மேற்சொன்ன அரசுத் திட்டங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. “பணம் கட்டினால் ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறோம்” என்று வரும் இடைத்தரகரிடம் ஆதார் எண்ணையும் கைபேசிக்கு வரும் ஓடிபியையும் கொடுக்கக் கூடாது. இரண்டாவது, திட்டங்கள் மாறும், நிறுத்தவும் படும். சிறுபான்மை ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய ஃபெலோஷிப் நிறுத்தப்படுவதாக 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. போன ஆண்டு அண்ணன் வாங்கினார் என்பது இந்த ஆண்டுக்கான உறுதி ஆகாது. மத்திய அரசின் இரண்டு உதவித்தொகைகளை ஒரே நேரத்தில் பெறுவதற்கும் பெரும்பாலும் தடை உண்டு. கூடுதல் பயன் தருவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடைசி வாயில் கல்லூரி. மாணவர் எவ்வளவு சரியாக விண்ணப்பித்தாலும், கல்லூரியின் பொறுப்பு அலுவலர் குறித்த நாளுக்குள் சரிபார்த்து அனுப்பாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடும். குறை சுட்டித் திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பத்தைத் திருத்தக் கிடைக்கும் அவகாசம் சில நாள்களே. ஆகவே விண்ணப்பித்த பின்னும் வாரம் ஒருமுறை அதன் நிலையைப் பார்ப்பது அவசியம்.

“உதவித்தொகைப் பணம் கேட்பாரற்றுக் கிடக்கிறது, மாணவர்களுக்குத்தான் அக்கறை இல்லை” என்ற இன்னொரு பேச்சு இந்த இடத்தில் உடைந்துபோகிறது. இணையம் சரியாகக் கிடைக்காத ஊரில், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு மூன்று முறை நடக்கும் தாயின் பிள்ளையை அக்கறையற்றவர் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. குறை விவரம் சொல்லாத பள்ளியிலும், காலத்தில் சரிபார்க்காத கல்லூரியிலும், தாமதமாகப் பணம் விடும் துறையிலும் இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு நடத்தும் ஒவ்வொரு பள்ளியும் தேர்வுக்கு முன்பே, தரவரிசை பார்க்காமல், எல்லா மாணவர்களையும் பெற்றோரையும் உட்கார வைத்து அவரவருக்குப் பொருந்தும் திட்டங்களைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் பொறுப்பு அலுவலரின் பெயரையும் கடைசித் தேதியையும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். மாணவர் செய்ய வேண்டியது ஒன்றே: தகுதி இல்லை என்று தானே தீர்ப்பு எழுதிக்கொள்ளாமல், விதிமுறையை வாசித்துவிட்டு விண்ணப்பிப்பது. உதவித்தொகை சட்டமும் அரசாணையும் தந்த உரிமை. உரிமையைக் கேட்க முதல் மதிப்பெண் தேவையில்லை.